நண்டுக் கேள்வி

“இது யாருக்கு நடந்துச்சு?”

நான் எழுதிக் கொடுத்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஆபீஸ் அக்கா என்னிடம் முதன்முதலில் கேட்டது இதுதான். எனக்குப் புரியவில்லை. யாருக்கும் நடக்கவில்லை, நானாகத்தான் எழுதினேன் என்றேன். ‘ரவி ஒரு விவசாயி. அவர் தன் வயலுக்கு உரமிட விரும்பினார்’ என்று ஆரம்பித்து அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

“எந்த ஊரு ரவி?”

“சும்மா ஒரு ஊருக்கா.”

“சும்மா ஒரு ஊர்ல வயல் எப்படி இருக்கும்? சொந்த நிலமா, குத்தகையா? உரம் போட விரும்பினாராம். விரும்பினாப் போதுமா? கடையில யூரியா இருந்துச்சா? வேற எதையாச்சும் சேத்து வாங்கினாத்தான் தருவேன்னு கடைக்காரர் சொன்னாரா இல்லையா?”

அவர் காகிதத்தை என்னிடமே நீட்டினார். “நீ படம் நல்லாப் போடறே. படமே போடு. உனக்குக் கதை வராது.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. அன்று முழுக்க அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மத்தியானம் தன் டிபன் பாக்ஸிலிருந்து வாழைப்பூ வடையை எடுத்து என் சோற்றின் மேல் வைத்துவிட்டுப் போனார். அதற்கு மேல் வீம்பு பிடிக்க எனக்குத் தெம்பில்லை.

எங்கள் ஆபீஸ் தஞ்சாவூர் புதிய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. செல்போனிலேயே பார்த்துப் படிக்கிற பாடங்களைத் தயாரிப்பதுதான் தொழில். தொண்டு நிறுவனங்கள் கேட்கும், கம்பெனிகள் கேட்கும். மகளிர் குழுப் பெண்களுக்கு ஒன்று, சுகாதாரப் பணியாளர்களுக்கு ஒன்று என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். பாடம் எழுதுவது அக்கா. நான் நீடாமங்கலத்திலிருந்து தினம் ரயிலில் வந்து படம் வரைந்துவிட்டுப் போகிறவள். எங்களுக்கு மேலே ஒரு சார். பாடம் செய்யச் சொல்லி வருகிறவர்கள் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது அவர் வேலை.

அக்காவின் பாடம் விளக்கத்தில் ஆரம்பிக்காது, ஒரு நடப்பில் ஆரம்பிக்கும். படிக்கிறவரை நேராக அதற்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்கும். மூன்று பதில் இருக்கும். ஒன்றை அழுத்தினால்தான் அடுத்து என்ன ஆனது என்று தெரியும். இப்படிச் சொல்லிக்கொடுக்கிற முறைக்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பேர் உண்டு. சார் அதைப் போனில் வாய் நிறையச் சொல்வார். அக்காவுக்கு அது வெறும் ‘சம்பவம்’. காலையில் பையை வைக்கும்போதே, “இன்னிக்கு ஒரு நல்ல சம்பவம் கெடைச்சுதுடி” என்று வருவார். எல்லாம் பஸ்ஸில் கிடைப்பவை. வெண்ணாற்றங்கரைப் பக்கம் அவர் ஊர். அந்தப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கு எந்தக் கை வலிக்கிறது, எப்போதிருந்து வலிக்கிறது என்பது வரைக்கும் இறங்குவதற்குள் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

ஒருமுறை, போனில் பேசி பேங்க் பணத்தைச் சுருட்டுகிறவர்களைப் பற்றிய பாடம். அக்கா தன் தெருப் பெண் ஒருத்தி ஏமாந்ததை அப்படியே எழுதியிருந்தார். போன் பண்ணினவன் முதலில், ‘சாப்பிட்டீங்களாம்மா?’ என்று கேட்கிறான். பிறகுதான் மற்றதெல்லாம். பாடம் செய்யச் சொன்ன கம்பெனியிலிருந்து சென்னைக்காரர் ஒருவர் கூப்பிட்டு, அந்த வரி தேவையில்லை, எடுத்துவிடுங்கள் என்றார்.

“அதுலதான் சார் அவங்க ஏமாந்தாங்க,” என்றார் அக்கா. “அந்தப் பொம்பளைய சாப்பிட்டியான்னு கேட்டு எவ்வளவு நாளாச்சோ. புள்ளைங்க ரெண்டும் வெளிநாட்டுல இருக்கு. நம்பர் சொல்லாதீங்கன்னு ஊரு பூரா போர்டு வச்சிருக்கு, அது அவங்களுக்குத் தெரியாதா? கேட்டுட்டான்ல, சாப்பிட்டியான்னு.”

அந்த வரி பாடத்தில் அப்படியே இருந்தது. சாருக்கு அன்று வேர்த்துக் கொட்டியது.

படத்திலும் இதே கதைதான். தலையில் முண்டாசும் தோளில் ஏருமாக நான் ஒரு விவசாயியை வரைந்து வைத்தால், “இவரு எந்தக் கோயில் தேருல இருந்து எறங்கி வந்தாரு?” என்பார். “டி-ஷர்ட் போடு. பின்னாடி ஏதாச்சும் சிமெண்டுக் கம்பெனி பேரு எழுதியிருக்கும்.” நடவு வயலில் நான் போட்ட பச்சையைப் பார்த்துவிட்டு, நட்டு எத்தனை நாள் பயிர் இது, இவ்வளவு கரும்பச்சை எப்படி வரும் என்று என்னை எழுப்பி ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். ஜன்னலுக்கு வெளியே பஸ் ஸ்டாண்டுதான் இருந்தது. அது ஞாபகம் வந்ததும் அவரே சிரித்துவிட்டார்.

ஆனால் அவர் உயிரைக் கொடுத்து எழுதியது தப்பான பதில்களைத்தான். நான் அதுவரை பார்த்த பாடங்களில் தப்பான பதில் என்றால் பார்த்த உடனே தெரியும், பைத்தியக்காரன் கூட அதை அழுத்தமாட்டான். அக்காவுக்கு அது பிடிக்காது.

“சரியான பதிலை யாரு வேணா எழுதலாம்டி. தப்பான பதில்தான் கஷ்டம். தப்பு பண்றவங்க என்ன முட்டாளா? நல்லவங்கதான் தப்பு பண்றாங்க. பிரியமா இருக்கறவங்கதான் பண்றாங்க. அந்தப் பதில அழுத்தும்போது அவங்களுக்கு நாம நல்லதுதான் செய்யறோம்னு தோணணும். அப்பத்தான் அது பாடம்.”

அவர் வீட்டுக்காரரை நான் பார்த்தது கொஞ்சம்தான். குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்தார். எப்போதாவது உரம் வாங்கத் தஞ்சாவூர் வந்தால் ஆபீஸ் வாசலில் பைக்கை நிறுத்தி, மேலே வராமல், கீழேயிருந்தே போன் பண்ணுவார். கூச்ச சுபாவம். எனக்குச் சளி பிடித்திருக்கிறது என்று அக்கா வீட்டில் சொன்னால் மறுநாள் நண்டு ரசம் வந்துவிடும். வயல் நண்டை அவரே பிடித்து, அவரே இடித்து வைத்துக் கொடுத்தது. “ஒனக்காக வரப்புல குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சாம்,” என்பார் அக்கா. அந்த ரசத்தின் மிளகுக் காரம் எனக்கு இன்னும் தொண்டையில் இருக்கிறது.

சம்பா நடவு முடிந்து தண்ணீர் கட்டுகிற சமயம். வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். அன்றைக்கு அவர்கள் முறை. விடிவதற்கு முன்பே அவர் வயலுக்குப் போய்விட்டார். வரப்பில் நண்டு வளை இருந்தால் கட்டிய தண்ணீர் முழுக்க அதன் வழியே பக்கத்து வயலுக்கு ஓடிவிடும். கையை உள்ளே விட்டு, எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்து, சேற்றைத் திணித்து அடைப்பார்கள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் அடைப்பார்கள். உள்ளே இருக்கிற நண்டு விரலைக் கவ்வும். அதற்கெல்லாம் யாரும் வரப்பை விட்டு எழுந்திருக்கமாட்டார்கள்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் அக்காவுக்குப் போன் வந்தது. நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.

“என்னங்க... நண்டா? அட, கடிச்சதைப் புடிச்சு வச்சிருந்தா இவளுக்கு ரசமாச்சும் வச்சிருக்கலாம்ல.” என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நானும் சிரித்தேன். “தண்ணி கட்டியாச்சா? அப்புறம் என்ன... தூக்கமா வருதா? விடியறதுக்கு முன்னாடி போனா வராம என்ன பண்ணும்? பேச்சே கொழகொழன்னு இருக்கு. சாப்பிட்டுப் படுங்க. அத்தைகிட்ட ரசம் ஊத்தச் சொல்லுங்க. படுங்க, நான் அப்புறமா கூப்பிடறேன்.”

அவ்வளவுதான் பேசினார். வளைக்குள் கடித்தது நண்டில்லை, நல்ல பாம்பு. விஷம் ஏறினால் கண் இமை தொங்கும், நாக்கு குழறும் என்பதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்குத் தெரியாது. அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். படுத்தார். தூங்குகிற பிள்ளைக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று அவருடைய அம்மா டிவி சத்தத்தைக் குறைத்து வைத்தார்கள். சாயங்காலம் அக்கா கூப்பிட்டபோது அந்த அம்மாதான் போனை எடுத்து, “இன்னும் அசந்து தூங்கறாம்மா, எழுப்பவா?” என்று கேட்டார்கள்.

எழுப்பப் போன பிறகுதான் தெரிந்தது.

கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் அக்கா வேலைக்கு வந்துவிட்டார். பையை வைத்தார். மேஜையைத் துடைத்தார். “வயல் பாதுகாப்புப் பாடம் ஒண்ணு வந்துச்சே, பாம்புக்கடியெல்லாம் சேத்து. எழுதியாச்சா?” என்றார். ஒரு தொண்டு நிறுவனம் கிராமத்துப் பெண்களுக்காகக் கேட்டிருந்தது. இல்லை என்றேன்.

“நான் எழுதறேன்.”

அன்று சாயங்காலமே எழுதிவிட்டார். ‘உங்கள் கணவர் வயலிலிருந்து போன் செய்கிறார். வளை அடைக்கும்போது நண்டு கடித்துவிட்டது என்கிறார். தூக்கம் வருகிறது என்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?’ முதல் பதில், மஞ்சள் பத்துப் போடச் சொல்வது. மூன்றாவது, ‘கடிச்சதைப் பாத்தீங்களா?’ என்று கேட்டு, பார்க்கவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்பாடு செய்வது. நடுவில் இருந்த இரண்டாவது பதில்: ‘காலையிலேர்ந்து வேலை. சாப்பிட்டுப் படுங்க.’

சார் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவரை எத்தனையோ திட்டியிருக்கிறேன், ஆனால் அன்றைக்கு அவர் குரல் நல்ல மனுஷன் குரலாக இருந்தது.

“வேண்டாம்மா. வேற சம்பவம் போட்டுக்கலாம்.”

“வேற யாருக்காச்சும் நடக்கட்டும்னு காத்திருக்கவா சார்?”

சார் காகிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். படம் நான்தான் வரைய வேண்டும். வரப்பு வரைந்தேன், வாய்க்கால் வரைந்தேன். குனிந்து வளையில் கை விட்டிருக்கிற ஆளை வரையும்போது கை ஓடவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்து, முதுகை மட்டும் வரைந்து காட்டினேன். அக்கா வெகுநேரம் பார்த்தார். “சட்டையில கோடு போடு. நீலக் கோடு,” என்றார். பிறகு, “மொகம் இல்லாததும் நல்லதுதான். பாக்கறவங்க அவங்கவங்க வீட்டு மொகத்த வச்சுக்கட்டும்.” நீலக் கோட்டை எப்படிப் போட்டு முடித்தேன் என்று எனக்குத் தெரியாது. பாத்ரூமில் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

பாடம் வெளியானது. யார் யார் எந்தப் பதிலை அழுத்துகிறார்கள் என்பது எங்கள் கம்ப்யூட்டரில் தெரியும். அக்கா தினமும் வந்தவுடன் அதைத்தான் திறப்பார். மற்றக் கேள்விகளைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். நண்டுக் கேள்வி ஒன்றுதான். ஏறக்குறைய எல்லோரும் இரண்டாவது பதிலைத்தான் அழுத்தியிருந்தார்கள். வேதாரண்யத்துப் பெண், பூம்புகார்ப் பெண், திருவையாற்றுப் பெண், எல்லோரும் தங்கள் புருஷனைச் சாப்பிட்டுப் படுக்கத்தான் சொன்னார்கள்.

“இன்னிக்கும் எல்லாரும் படுக்கச் சொல்லிட்டாங்கடி,” என்பார் அக்கா. சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார். அதற்குப் பிறகுதான் டீ குடிப்பார்.

ஒருநாள் நேராகவே கேட்டார். “யாரா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாங்கல்ல? நான் ஒருத்தி மட்டும் இல்லல்ல?”

“இல்லக்கா. பாருங்க, எல்லாரும்தான்.”

“நீயா இருந்தாலும்?”

“நானும்தாங்க்கா.”

அந்தப் பதில்களைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நடமாடினார் என்பது எனக்குத் தெரியும். தொண்டு நிறுவனத்திலிருந்து, எல்லோரும் தப்பாகச் சொல்கிறார்களே, கேள்வியைக் கொஞ்சம் சுலபமாக்கக் கூடாதா என்று கேட்டபோது, “நடந்தது அப்படித்தாங்க. சுலபமா நடக்கல,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். முதல்முறை தப்பாகச் சொன்னவர்கள் என்ன ஆனது என்று பார்த்துவிட்டு, கடைசி வரை படித்துக் கற்றுக்கொண்டுதான் போனார்கள். பாடம் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதை அக்காவும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பேராவூரணிப் பக்கத்திலிருந்து அந்தப் போன் வந்தது அடுத்த வருஷம். தொண்டு நிறுவனத்தாரிடம் நம்பர் வாங்கி, பாடம் எழுதின அம்மாவிடம் பேச வேண்டும் என்று ஒரு பெண் கூப்பிட்டாள். சாருக்கு ஒரே சந்தோஷம். ஸ்பீக்கரில் போட்டு எல்லோரையும் கூப்பிட்டார். அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் தோப்பில் தேங்காய் மட்டையை அள்ளிக்கொண்டிருந்தபோது கையில் ஏதோ கடித்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பிழைக்கவைத்துவிட்டார்கள். ஆபீசில் எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா மட்டும் நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அவரு என்னன்னு சொன்னாரு?”

“பூரான்னு சொன்னாருக்கா. வீட்டுக்கு வந்து ஒக்காந்தாரு. கண்ணு சொக்குது, கொஞ்சம் படுக்கறேன்னாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பாய எடுத்துட்டேங்க்கா, போடறதுக்கு. அப்பத்தான் அந்த நண்டு ஞாபகம் வந்துச்சு. கடிச்சதைப் பாத்தீங்களான்னு கேட்டேன். இல்லைன்னாரு. ஒடனே தம்பிய கூப்பிட்டு, பைக்ல நடுவுல ஒக்கார வச்சுத் தூக்கிட்டுப் போயிட்டோம்.”

“வேற ஒண்ணும் கேக்கலையா?”

“ஒண்ணும் கேக்கலக்கா. அது ஒண்ணுதான் கேட்டேன்.”

அந்தப் பெண்ணே தொடர்ந்தாள். “இந்தா, பக்கத்துலதான் ஒக்காந்திருக்காரு. பேசறீங்களா?”

அந்தப் பக்கம் ஒரு ஆம்பளைக் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டது. கூச்சப்படுகிற குரல். “நல்லாருக்கேங்க. ரொம்ப நன்றிங்க,” என்றது.

“ஒடம்ப பாத்துக்குங்க,” என்றார் அக்கா.

சார் மைசூர்பாகு வாங்கி வரச் சொன்னார். எல்லோரும் அக்காவைச் சூழ்ந்து நின்று பேசினார்கள், ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்றார்கள். அவர் எல்லோருக்கும் தலையாட்டினார். பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். கழுவின பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

“பாய எடுத்துட்டாளாம்டி,” என்றார் என்னைப் பார்க்காமல். “பாய கையில வச்சுக்கிட்டே கேட்டாளாம். அப்ப, கேக்க முடியற கேள்விதான் அது. அந்த நேரத்துலயும் கேக்க முடியும். நான் போன வச்சுக்கிட்டு ஒன்னப் பாத்துக் கண்ணடிச்சேன்.”

“ஒங்க பாடத்தப் படிச்சதாலதானக்கா அவங்களுக்குத் தெரிஞ்சுது. ஒங்களுக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?”

“அதெல்லாம் சரிதான்,” என்றார். குழாயை மூடினார். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

மறுநாளிலிருந்து அவர் கம்ப்யூட்டரில் அந்தக் கேள்வியைத் திறக்கவில்லை. சம்பவம் தேடுவதும் நின்றுபோனது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார் என்று அவர் ஊர்ப் பெண் ஒருத்தி சொன்னாள். ஒரு பாடத்துக்கு அவரே, ‘குமார் ஒரு விவசாயி’ என்று எழுதிக் கொடுத்தார். சார் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். பொங்கலுக்கு முன்னால் அக்கா வேலையை விட்டார். மாமியாரோடு இருக்கிறார், நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

நான் அங்கேதான் இன்னும் படம் போட்டுக்கொண்டிருக்கிறேன். நண்டுக் கேள்வியும் இருக்கிறது. அந்தப் பாடம் ஊர் ஊராகப் பரவி, ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லி, இப்போதெல்லாம் அனேகமாக எல்லோரும் மூன்றாவது பதிலையே அழுத்துகிறார்கள். நல்ல விஷயம்தான். யாராவது ஒருத்தியாவது இரண்டாவதை அழுத்தியிருக்கிறாளா என்று நான்தான் காலையில் தேடிக்கொண்டிருக்கிறேன். என் புத்தியை என்ன சொல்ல.

போன மாதம் பழைய பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். மாமியாருக்குக் கண் மருந்து வாங்க வந்திருந்தார். இளைத்திருந்தார். வீட்டுக்கு வா என்றார், அம்மா எப்படி இருக்காங்க என்றார். பேச்சு தீர்ந்துபோய் இரண்டு பேரும் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“அந்தக் கேள்வி இன்னும் இருக்கா?” என்றார்.

“இருக்குக்கா.”

“ரெண்டாவது பதில யாராச்சும் போடறாங்களா?”

“போடறாங்கக்கா. நெறையப் பேரு. நேத்துக்கூட ஒரு பொம்பளை.”

அக்கா என் பக்கம் திரும்பினார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தப் பழைய பார்வை.

“யாரு? எந்த ஊரு?”

“எங்க ஊருப் பக்கந்தான். நீடாமங்கலம்.”

“அவ வீட்டுக்காரரு என்ன பண்றாரு?”

“வயல்தான்.”

“சொந்த நிலமா, குத்தகையா?”

எனக்கு ஒன்றுமே வரவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ படமே போடுடி,” என்றார். “உனக்குக் கதை வராது.”

அவர் பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். வண்டி கிளம்புகிற வரைக்கும் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்.